நர்ஸம்மா பதில்கள்: சீட்டு எந்த வழியில் வந்தது?

தாய் சேய் நலப் படிப்புகள், அதற்குக் கிடைக்கும் உதவித்தொகை பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பகுதி கேரள எல்லையோரத்துக் கடிதங்கள். பதில் எழுதுபவர், செங்கோட்டை வட்டாரத்தில் 33 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராகவும் பகுதி சுகாதாரச் செவிலியராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

என் மகள் பிளஸ் டூ உயிரியல் குரூப்பில் 600க்கு 447 எடுத்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். நான் பீடி சுற்றுகிறேன். அவள் அப்பா செக்போஸ்ட் பக்கம் லாரியில் லோடு ஏற்றுகிறார். நாங்கள் எஸ்.சி. பி.எஸ்சி. நர்சிங் படித்து பிரசவ வார்டில் வேலை பார்ப்பேன் என்கிறாள். ஒரு ஏஜென்ட் வந்து, வெளிமாநிலத்துக் கல்லூரி ஒன்றில் வருஷம் 90,000 ரூபாய்தான், அதுவும் ஸ்காலர்ஷிப்பில் திரும்பி வந்துவிடும், 25,000 முன்பணம் கட்டுங்கள் என்கிறார். கம்மலை அடகு வைக்கலாமா?
ஒரு தாய், புளியரை

வைக்காதீர்கள் அம்மா. அந்த ஏஜென்ட் அடுத்த தடவை வரும்போது ஒரு கேள்வி கேளுங்கள். "இது கவுன்சலிங் சீட்டா, மேனேஜ்மென்ட் சீட்டா?" கவுன்சலிங் சீட்டு அரசுக் கலந்தாய்வில் கிடைப்பது, மேனேஜ்மென்ட் சீட்டு கல்லூரி நிர்வாகமே நேரடியாகத் தருவது. அவர் பேச்சை மாற்றினால் மேனேஜ்மென்ட் சீட்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் இதைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எஸ்.சி. பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கக் கிடைக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைதான் உங்கள் வீட்டுக்கு உண்மையான பலம். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கட்டாயக் கட்டணங்களை அரசு ஏற்கும். தமிழ்நாட்டுப் பிள்ளை வேறு மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம்தான் தரும். ஆனால் 2021ல் வந்த புதிய விதிமுறையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு இது கிடையாது. கல்லூரி நல்ல கல்லூரியாகவே இருக்கலாம், பிள்ளைக்கு எல்லாத் தகுதியும் இருக்கலாம். சீட்டு வந்த வழி சரியில்லை என்றால் பணம் வராது. ஏஜென்ட் "திரும்பி வந்துவிடும்" என்று சொன்னது இந்தப் பணத்தைத்தான்.

நீங்கள் கடிதத்தோடு வைத்திருந்த கட்டண நோட்டீஸை மேசையில் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் 90,000. பின்பக்கம் திருப்பினால் விடுதி 55,000. சீருடை, கோட்டு, ஷூ 6,000. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போய்வர பஸ் 12,000. "தேர்வுக் கட்டணம் தனி." கூட்டிப் பார்த்தால் வருஷத்துக்கு 1,63,000. நாலு வருஷத்துக்கு 6,52,000. கடைசி வரியில் சிறிய எழுத்தில், "செலுத்திய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது." இந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் முதல் பக்கத்தை மட்டும்தான் உங்களிடம் வாசித்துக் காட்டியிருப்பார்.

உங்கள் மகள் செய்ய வேண்டியது, சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு வழியாக விண்ணப்பிப்பது. அரசு செவிலியர் கல்லூரிகள், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் எல்லாம் அந்தக் கலந்தாய்வில் வரும். நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மதுரை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த செவிலியர் கல்லூரி இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் இடிந்து போகாதீர்கள். மூன்று வருஷ டிப்ளமோவான ஜி.என்.எம். இருக்கிறது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியிலேயே அதற்கு அரசுப் பள்ளி உண்டு. அதைப் படித்துப் பதிவு செய்தவள் பிரசவ வார்டில் நிற்கலாம், சம்பளம் வாங்கலாம், பிறகு இரண்டு வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரியும் ஆகலாம். நாலு வருஷப் பட்டத்துக்கு ஆறரை லட்சம் கடன் வாங்குவதைவிட, ஒரு படி ஏறி, அந்தப் படியில் கிடைத்த சம்பளத்தில் அடுத்த படி ஏறுவது உங்கள் வீட்டுக்குச் சரியாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். நான் ஏறியதும் அப்படித்தான்.

உதவித்தொகைக் கணக்கில் இன்னும் இரண்டு உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் இது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் சோப்புக்கும் வீட்டில் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது, நீங்கள் பீடித் தொழிலாளி. பீடி அட்டை இருந்தால் மத்தியத் தொழிலாளர் நலத்துறை பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அதையும் போஸ்ட் மெட்ரிக் தொகையையும் சேர்த்து வாங்க முடியாது. உங்களுக்குப் போஸ்ட் மெட்ரிக்தான் பெரிது.

இன்றைக்கே ஒரு வேலை. மகளின் ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, மதிப்பெண் பட்டியலில் எப்படி இருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஒரு வருஷம் பணம் நின்றுபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வங்கியில் "ஆதார் கொடுத்தாச்சு" என்பது போதாது. "அரசுப் பணம் வருவதற்கு சீடிங் ஆகியிருக்கிறதா" என்று கேளுங்கள். கொடுத்திருப்பது வேறு, சீடிங் வேறு. சீடிங் என்றால் அரசுப் பணம் வருவதற்காக அந்தக் கணக்கை ஆதாரோடு இணைப்பது. இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால் கடைசியாக எதில் சீடிங் செய்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். அப்புறம், உதவித்தொகை மகள் கணக்குக்கே வரும். அது கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம். வந்த அன்றைக்கு வீட்டில் என்ன கஷ்டம் இருந்தாலும் அதில் கை வைக்காதீர்கள் அம்மா.

இவ்வளவு கோபமாக எழுதுகிறேன் என்றால், என் தங்கை மகள் இப்படித்தான் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். "தாய் சேய் நலச் செவிலியர் டிப்ளமோ" என்று போர்டு. வெள்ளைக் கோட்டு, தலைக்குத் தொப்பி எல்லாம் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் முடித்துச் சான்றிதழோடு நர்சிங் கவுன்சிலுக்குப் போனபோதுதான் அந்த நிறுவனத்துக்கு அங்கீகாரமே இல்லை என்று தெரிந்தது. பதிவு எண் இல்லாமல் இன்றைக்கு ஒரு கிளினிக்கில் டோக்கன் போடுகிறாள். அவள் கையில் குழந்தையைக் கொடுத்தால் எப்படிப் பிடிப்பாள் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நல்ல கை. பணம் கட்டுமுன் இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலும், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சில் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்திருந்தால் போதும். அப்போது எங்களில் யாரும் பார்க்கவில்லை.

நாங்கள் மூன்று தலைமுறையாகத் தேயிலைத் தோட்ட லயத்தில் இருக்கிறோம். அப்பாவின் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். பிறந்தது, படித்தது எல்லாம் கேரளாவில். நர்சிங் படிக்க வேண்டும். ஜாதிச் சான்றிதழ் கேட்டால் வில்லேஜ் ஆபீஸில் "நீங்கள் தமிழ்நாடு, அங்கே போய் வாங்குங்கள்" என்கிறார்கள். தமிழ்நாட்டில் "நீ கேரளா" என்கிறார்கள். நான் எங்கே போவது?
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, வண்டிப்பெரியாறு

மகளே, உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். செங்கோட்டையே திருவிதாங்கூரில் இருந்து, பிறகு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். எங்கள் தெருவில் பழைய பத்திரம் எடுத்தால் மலையாள எழுத்து இருக்கும். அன்றைக்கு ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. மலை மேலே இருந்தவர்களுக்கு அது இன்னும் தீரவில்லை.

விஷயம் இதுதான். அட்டவணைச் சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி உன் குடும்பம் எந்த மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியிருந்ததோ, அந்த மாநிலத்துப் பட்டியல்தான் உனக்கு. அதற்கு முன்னால் கேரளப் பகுதிக்கு வந்துவிட்டார்கள் என்று காட்ட முடிந்தால், கேரளப் பட்டியலிலும் உங்கள் சாதி இருந்தால், கேரளச் சான்றிதழ் வாங்க உனக்கு உரிமை உண்டு. அந்த மாநில உதவித்தொகையும் இட ஒதுக்கீடும் அதோடு வரும்.

காட்டுவதுதான் கஷ்டம். தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்ததே 1951ல். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952ல். தொழிலாளி பெயரில் ஒழுங்காகக் காகிதம் எழுத ஆரம்பித்ததே கெடு தேதிக்கு அப்புறம். அதனால் தாத்தாவின் பி.எப். காகிதத்தைத் தேடி அலையாதே. அதற்கு முந்தியதைத் தேடு. தோட்ட ஆபீஸில் பழைய செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேடு, இருக்கிறதா என்று கேள். உங்கள் லயத்துக்குப் பக்கத்தில் பழைய சர்ச் இருந்தால் ஞானஸ்நானப் புத்தகம் இருக்கும். இந்துக் குடும்பமாக இருந்தாலும் பக்கத்து வீட்டு உறவுக்காரர் யாராவது அதில் இருக்கலாம். தோட்டத்துப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். தோட்டத்துக்கு ஆள் கூட்டி வந்த கங்காணி குடும்பத்தில் யாராவது உயிரோடு இருந்தால் பழைய நோட்டு வைத்திருப்பார்கள். வயதான பாட்டிகளிடம் யார் எந்த வருஷம் மலை ஏறினார்கள் என்று கேட்டு எழுதி வை. அது சான்றாக ஏற்கப்படாவிட்டாலும், எந்தப் பதிவேட்டில் தேடுவது என்று அதிலிருந்துதான் தெரியும்.

எதுவும் கிடைக்காவிட்டாலும் வழி மூடிவிடாது. உன் அப்பாவுக்குத் தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றிதழ் இருந்தால், அதை வைத்துக் கேரள வருவாய்த் துறையிடமே "குடிபெயர்ந்தவர்" என்ற வகைச் சான்றிதழ் வாங்கலாம். மத்திய அரசு உத்தரவு அப்படித்தான் சொல்கிறது. மாநிலச் சலுகை கிடைக்காது, ஆனால் மத்திய நிறுவனங்களில் செல்லும். புதுச்சேரி ஜிப்மர், எய்ம்ஸ் போன்ற இடங்களில் பி.எஸ்சி. நர்சிங் கட்டணம் மிகவும் குறைவு. அங்கே படிக்க முடிந்தால் உதவித்தொகையைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டாம். ஜிப்மருக்கு நீட் மதிப்பெண் வேண்டும், எய்ம்ஸுக்குத் தனித் தேர்வு.

கேரளாவுக்குள் பொதுப் பிரிவில் நீ விண்ணப்பிக்க எந்தத் தடையும் இல்லை, அங்கே பிறந்தவள்தானே. பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கையைக் கேரள அரசின் எல்.பி.எஸ். சென்டர் நடத்துகிறது. நம் பக்கம் ஏ.என்.எம். என்னும் துணைச் செவிலியர் படிப்பை அங்கே ஜே.பி.எச்.என். என்பார்கள். அதற்கும் ஜி.என்.எம்.முக்கும் சுகாதாரத் துறைதான் அறிவிப்பு வெளியிடும். மூன்றையும் கவனி. அறிவிப்பு வந்த பிறகு சான்றிதழுக்கு ஓடினால் தேதி போய்விடும். இந்த மாதமே ஆரம்பி. நீயும் அப்பாவும் மட்டும் போகாமல் உங்கள் வார்டு மெம்பரையும் கூட்டிக்கொண்டு போ. வில்லேஜ் ஆபீஸில் முடியாது என்றால் வாயால் சொன்னதை வாங்கிக்கொண்டு திரும்பாதே. மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கு. மறுத்தால் எழுத்தில் மறுக்கட்டும்.

எனக்கு 34 வயது. அங்கன்வாடியில் வேலை. தாய் சேய் நலம் பற்றிப் பட்டம் மாதிரி ஏதாவது அஞ்சல் வழியில் படிக்க முடியுமா? நர்ஸ் ஆக முடியுமா?
ஒரு வாசகி, கம்பம்

இரண்டும் வேறு வேறு கேள்வி, தங்கை. நர்ஸ் ஆக வேண்டும் என்றால் அஞ்சல் வழி கிடையாது. ஆஸ்பத்திரியில் நின்றுதான் படிக்க வேண்டும். இரண்டு வருஷ ஏ.என்.எம். படிப்புக்குக் கவுன்சில் வைத்திருக்கும் மேல் வயது வரம்பு 35. உனக்கு இருப்பது ஒரே வருஷம். தமிழ்நாட்டில் அங்கன்வாடிப் பணியாளர்களிலிருந்தே ஆள் எடுத்து, கிராம சுகாதாரச் செவிலியர் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் அப்படி வந்தவர்கள்தான், எங்களையெல்லாம்விட வீட்டு வாசல் தெரிந்தவர்கள். உன் மேற்பார்வையாளரிடம் நாளைக்கே கேள்.

இப்போது செய்யும் வேலைக்கு அறிவு சேர வேண்டும் என்றால் இக்னோ என்னும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்து மற்றும் சுகாதாரக் கல்வி டிப்ளமோ இருக்கிறது, பிளஸ் டூ போதும். ஊட்டச்சத்து, குழந்தைப் பராமரிப்புக்குச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. இவற்றை முடித்தால் நர்ஸ் பதிவு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அதே பல்கலைக்கழகத்தில் "தாய் சேய் நல முதுநிலை டிப்ளமோ" என்று ஒன்றைப் பார்த்துவிட்டு விண்ணப்பம் வாங்கிவிடாதே. அது எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர்களுக்கானது.

ஆண்பிள்ளை இந்தப் படிப்புக்குப் போகலாமா? வீட்டில் சிரிக்கிறார்கள்.
ஒரு மாணவன், கடையநல்லூர்

போகலாம் தம்பி. ஏ.என்.எம். பெண்களுக்கு மட்டும். கவுன்சில் விதிப்படி ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டும் ஆண்களுக்கும் உண்டு. முடித்தால் செவிலியர், பேறுகாலச் செவிலியர் என்று இரண்டுக்கும் சேர்த்துத்தான் பதிவு. அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் உனக்கும் மாதம் 1,000 வரும். பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்த ஆண் செவிலியர்களை எனக்குத் தெரியும். அந்தக் குழந்தைகளின் அம்மாக்கள் யாரும் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஜி.என்.எம். முடித்து நாலு வருஷமாகக் கொல்லத்தில் தனியார் ஆஸ்பத்திரி லேபர் ரூமில் இருக்கிறேன். மேலே படிக்க ஆசை. கையில் சேமிப்பு குறைவு, தங்கச்சி கல்யாணக் கடன் வேறு. லோன் வாங்கலாமா?
ஒரு செவிலியர், செங்கோட்டை

நீ எங்கள் ஊர்ப் பிள்ளை என்பதால் உரிமையோடு சொல்கிறேன். தங்கச்சி கல்யாணக் கடனை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு. நாலு வருஷ லேபர் ரூம் அனுபவம் கெட்டுப்போகாது.

வழிகள் மூன்று. போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருஷம். அதன்பின் எம்.எஸ்சி. நர்சிங்கில் மகப்பேறு அல்லது குழந்தைகள் நலம் எடுக்கலாம், அதற்குப் பட்டத்தில் 55 சதவீதம் வேண்டும். ஆசிரியர் வேலைக்குப் போக வேண்டும் என்றால் இந்த வழி. இரண்டாவது, 2018ல் மத்திய அரசு கொண்டுவந்த மிட்வைஃபரி வழிகாட்டுதல்படி 18 மாதப் பயிற்சி. ஜி.என்.எம். முடித்து இரண்டு வருஷப் பிரசவ அனுபவம் உள்ள உன்னைப் போன்றவர்களை மனதில் வைத்தே அதை வகுத்தார்கள். தன் பொறுப்பில் சுகப்பிரசவம் பார்க்கும் செவிலியராக ஆக்குவது அது. என் இருபத்தைந்து வயதில் இப்படி ஒன்று இருந்திருந்தால் நான் வீட்டை விற்றாவது போயிருப்பேன். மூன்றாவது, பட்டம் வாங்கிய பிறகு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் பொது சுகாதார முதுநிலைப் பட்டம். ரயிலேறினால் போய்விடும் தூரம்.

இந்த மூன்றாவதை ஏன் சொல்கிறேன் தெரியுமா? 2018-20 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய் இறப்பு தமிழ்நாட்டில் 54, கேரளாவில் 19. நாடு முழுக்க 97. நாமும் நன்றாகத்தான் செய்திருக்கிறோம். ஆனால் நீ தாண்டிப் போகும் அந்த மலைக்கு அந்தப் பக்கம் என்ன வேறாக நடந்தது என்பதை, இரண்டு பக்கமும் தெரிந்த உன்னைப் போல் ஒருத்திதான் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

லோன் பற்றி. கல்விக் கடன் 4 லட்சம் வரை நம் பங்காகப் பணம் போட வேண்டாம், சொத்து ஜாமீனும் வேண்டாம். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் தவணை இல்லாத காலத்திலும் வட்டி ஏறும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் கல்லூரியும் மத்திய அரசின் வட்டி மானிய விதிக்குள் வந்தால், அந்தக் காலத்து வட்டியை அரசு கட்டும். வங்கிக்குப் போகும்போது "வட்டி மானியத்தோடு வேண்டும்" என்று முதல் நாளே சொல்லு, கல்லூரியின் அங்கீகாரக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள். சேரும் இடத்தில் அசல் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழு விதி. பிடித்து வைப்போம் என்றால் சேராதே.

உதவித்தொகையில் பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். பிரசவ வார்டு போஸ்டிங் ஆரம்பித்திருக்கிறது. முதல் நாள் ஒரு அக்கா கத்தியதைக் கேட்டு வெளியே வந்து அழுதேன். வயிற்றில் காது வைத்தால் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. சீனியர் அக்கா திட்டுகிறார். எனக்கு இந்தப் படிப்பு வராது போலிருக்கிறது. விட்டுவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்களா?
ஒரு மாணவி, பண்பொழி

பணத்தைப் பற்றிக் கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் பேசலாம், அது அப்புறம். முதலில் அந்தக் காது விஷயம்.

நான் படித்தபோது 20 பிரசவம் நானே பார்த்து, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்க வேண்டும். முதல் மூன்றிலும் எனக்குக் குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கவே இல்லை. கேட்டதாகப் பொய் சொன்னேன். நாலாவது தடவை வயதான ஒரு ஆயாம்மா, டாக்டரும் இல்லை நர்ஸும் இல்லை, என் கையைப் பிடித்து அந்த அம்மாவின் வயிற்றில் வைத்து, "முதுகு எந்தப் பக்கம்னு முதல்ல தடவிப் பாரு புள்ள, அப்புறம் காதை வை" என்றார். தடவினேன். ஒரு பக்கம் மேடு பள்ளமாகக் கையும் காலும், மறுபக்கம் பலகை மாதிரி நீளமாக முதுகு. முதுகுப் பக்கம், தொப்புளுக்குக் கீழே, துடிப்பு கேட்கும் அலுமினியக் குழாயை வைத்தேன். கையை எடுத்துவிட்டுத் தலையால் மட்டும் அழுத்தினேன். தலையணைக்கு அடியில் வைத்த கைக்கடிகாரம் மாதிரி, தூரத்தில், வேகமாக.

நாளைக்கு வலி ஆரம்பிக்காத, பேசுவதற்குப் பொறுமை உள்ள ஒரு அக்காவிடம் அனுமதி கேள். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள், குளிர்ந்த கை பட்டால் வயிறு இறுகும். முதுகைக் கண்டுபிடி. குழாயைக் கையால் பிடிக்காதே, விரல் உரசும் சத்தம்தான் காதில் விழும். இடது கை விரலை அந்த அக்காவின் மணிக்கட்டு நாடியில் வை. நாடியோடு சேர்ந்து அடித்தால் அது அம்மாவுடையது, இடத்தை மாற்று. அதைவிட வேகமாக அடித்தால் குழந்தையுடையது. நிமிடத்துக்கு 110லிருந்து 160க்குள் இருக்க வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்காதே. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணு. எண்ணி முடித்ததும் எத்தனை என்று அந்த அக்காவிடம் சொல். சொல்லிவிட்டு எனக்கும் ஒரு கார்டு போடு.